குற்றம் யாருடையது? கொடுத்தவரா, எறிந்தவரா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் போதும். பேரருவிக்குப் போகும் பாதையெல்லாம் மனிதத் தலைகள்தான்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் புகுந்து வருவார். கையில் ஒரு கத்தை நோட்டீசு. சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, துணிக்கடைத் தள்ளுபடி... எதுவாகவும் இருக்கலாம். ஆளுக்கு ஒன்று நீட்டுவார். வாங்கியவர் நாலடி நடப்பார். கீழே போட்டுவிடுவார். காகிதம் ஈரத்தரையில் ஒட்டிக் கொள்ளும். மிச்சம் ஓடைக்குப் போகும்.

தென்காசி பஸ் நிலையத்திலும் இதே கதைதான்.

இதில் குற்றம் யாருடையது?

கோர்ட்டுக்குப் போன கேள்வி

இதே கேள்வி அமெரிக்காவில் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அங்கே மில்வாக்கி என்று ஒரு நகரம். ஒரு தொழிலாளி இறைச்சிக் கடை முன்னால் நின்று, கடைக்காரரோடு ஏற்பட்ட தகராறு பற்றி நோட்டீசு கொடுத்தார். வாங்கியவர்கள் தெருவில் எறிந்தார்கள். போலீசார் எறிந்தவர்களை விட்டுவிட்டார்கள். கொடுத்தவரைப் பிடித்தார்கள்! நகரத் துணைவிதி அப்படி.

1939 நவம்பர் 22-ந் தேதி தீர்ப்பு வந்தது. "தெருவைச் சுத்தமாக வைக்க வேண்டியதுதான். அதற்காக நோட்டீசு கொடுப்பதையே தடுக்கக் கூடாது. எறிபவரைத் தண்டிக்கலாமே!" என்பது தீர்ப்பின் சாரம்.

காகிதத்துக்கு அஞ்சியவர்கள்

காகிதம் சின்னது. ஆனாலும் ஆட்சியாளர்கள் அதற்கு அஞ்சியது உண்டு. 1910-ல் வெள்ளையர் அரசாங்கம் ஓர் அச்சகச் சட்டம் கொண்டு வந்தது. அச்சகம் வைப்பவரிடம் ஜாமீன் பணம் கேட்கலாம். அரசாங்கத்துக்குப் பிடிக்காததை அச்சிட்டால் அந்தப் பணம் பறிபோகும். மறு ஆண்டு செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். அந்த விசாரணையிலும் ரகசியத் துண்டுப் பிரசுரங்கள் அடிபட்டன.

இன்று பேச்சுரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தருகிறது. வியாபார விளம்பரமும் அந்த உரிமையில் அடங்கும் என்று 1995-ல் நம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

துணைவிதி என்றால் என்ன?

சட்டசபை செய்வது சட்டம். அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு நகராட்சியும் பேரூராட்சியும் தங்கள் ஊருக்குச் செய்து கொள்வது துணைவிதி. தெருவிலும் நீர்நிலையிலும் குப்பை எறியக் கூடாது என்று மத்திய அரசின் 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. துணைவிதி வகுத்து அபராதம் போடும்படி உள்ளாட்சிகளுக்கும் சொல்லின.

தேர்தல் நோட்டீசுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கொடுக்காதே' என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 'பெயரை மறைக்காதே' என்றுதான் சொல்கிறது.

யாருக்கு நஷ்டம்?

சின்னக் கடைக்காரருக்குப் பெரிய விளம்பரம் செய்ய வசதி இல்லை. நோட்டீசுதான் அவருக்கு வாய். அதைக் கொடுப்பவருக்கோ அன்றையக் கூலி. ஒரேயடியாகத் தடுத்தால் முதலில் அடிபடுவது இவர்கள் இருவரும்தான். தடுக்காமல் குப்பை பெருகினாலோ, அருவிக்கு ஆள் வராது. அப்போதும் அடிபடுவது இவர்களேதான்!

ஆகவே, கொடுப்பவர் கேட்பவருக்கு மட்டும் கொடுக்கட்டும். போகும்போது கீழே கிடப்பதைப் பொறுக்கிக் கொள்ளட்டும். வாங்குபவர் மடித்துப் பையில் வைக்கட்டும். வேண்டாதவர் 'வேண்டாம்' என்று சொல்லிவிடட்டும்.

அந்த ஒரு சொல்லுக்கு அபராதம் இல்லை.