கல்லூரியின் திட்டத்தையும் கேளுங்கள்

பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தேடும்போது பாடம், கட்டணம், வேலைவாய்ப்பு என்று துருவித் துருவி விசாரிக்கிறோம். கல்லூரியின் அடுத்த பத்தாண்டுத் திட்டம் என்ன என்று கேட்பவர்கள் குறைவு.

யேல்-என்யுஎஸ் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் யேலும் சேர்ந்து அமைத்த அந்தக் கல்லூரியில் 2013ல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். கலையையும் அறிவியலையும் சேர்த்துப் படிக்கலாம். சிறிய வகுப்புகள், விடுதி வாழ்க்கை. 2021 ஆகஸ்டில் திடீரென அறிவிப்பு வந்தது: இனிப் புதிய சேர்க்கை இல்லை. அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர்களும் அதிர்ந்துபோனார்கள்.

செலவு அதிகம், நிலைநிதி இலக்கை எட்டவில்லை என்று நாடாளுமன்றத்தில் விளக்கப்பட்டது. நியாயமான காரணங்கள்தாம். சிறிய வகுப்பு என்றாலே பணம் கரையும். ஆனால் படிப்பவர்களிடமும் கற்பிப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசியிருக்கலாமே என்ற ஆதங்கம் நியாயமில்லையா? எதிர்ப்பு மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

அந்தக் கல்விமுறை அடியோடு மறைந்துவிடவில்லை. 2022ல் என்யுஎஸ் கல்லூரி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே மனிதவியல், அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. அங்கு கலைப்புல, அறிவியல்புல மாணவர்கள் பொதுப் பாடங்களை ஒன்றாகப் படிக்கின்றனர். பொருளியலோடு வேதியியலையும் ஆசைப்படுவோருக்கு வழி அகலம்.

பொது வரவேற்பு நாளுக்குப் போனால் உணவகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, பாதியில் மாறினால் சேர்ந்தவர்களுக்கு என்ன உத்தரவாதம் என்றும் கேளுங்கள். யேல்-என்யுஎஸ் மாணவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடைத்தது. கடைசி அணி 2025ல் அதே கல்லூரியின் பெயரில் பட்டம் பெற்றது.