ஒரு சுவருக்கு இருபுறமும்: குத்தம்பாக்கம் சொல்லும் கதை



கிராமத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிய இடம் என்று கடுமையாகச் சொன்னார். அரசமைப்பின் அலகாகக் கிராமத்தை வைக்காமல் தனிமனிதரை வைத்ததற்கு மகிழ்ச்சியும் தெரிவித்தார். அந்தப் பேச்சை மனத்தில் வைத்துக்கொண்டே இன்று பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஊரைப் பார்ப்போம்.

திருமழிசை தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது குத்தம்பாக்கம். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான். ஏழு குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி. மக்களில் பாதிக்கு மேல் தலித்துகள். ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் சேரி ஊராகிவிடாது.

ஏன் என்று கேட்டால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மிராசி முறைக்குப் போக வேண்டும். வயல், தரிசு, நத்தம் எல்லாம் மிராசுதாரர் கையில். சேரி மக்களின் குடிசை நின்ற மனையும் தங்களுடையதே என்று அவர்கள் உரிமை கொண்டாடினார்கள். பண்ணையாள் எதிர்த்துப் பேசினால் வேலை போவதோடு வீடும் போகும். 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இந்த மனைச் சிக்கலைத் தெளிவாகவே எழுதியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை எண் 1010. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது இந்த அரங்குக்குப் புதிய செய்தி அல்ல. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1996இல், புதிய சட்டப்படி ஊராட்சித் தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவரான முருகேசனையும் உடன் வந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதே தேர்தலில்தான் குத்தம்பாக்கத்தில் இளங்கோ ரங்கசாமி தலைவரானார். அந்த ஊரிலேயே தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப்பொறியியல் படித்து, மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். அப்போது ஊரில் கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும் சாதாரணம்.

தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்ட, கிரானைட் பட்டறைகள் தூக்கி எறிந்த கல் துண்டுகளை அவர் பயன்படுத்தினார். செலவு குறைந்தது. ஆனால் மதிப்பீட்டில் உள்ளபடி கட்டவில்லை என்பது குற்றமாகி, பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது, இடைநீக்கமும் விலகியது. ஊராட்சிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு தலைவரை நீக்கும் அதிகாரத்தை ஆட்சியருக்குத் தருகிறது. தலித் தலைவர்களுக்கு அந்தப் பிரிவு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதை உள்ளாட்சியில் இருக்கும் நம் தோழர்களைக் கேட்டால் தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். தமிழக அரசின் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீடுகள். நாற்பது தலித்துகளுக்கு, மீதி மற்ற சாதிகளுக்கு. முதலாவது 1998இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு வீடும் தனித்தனி. குத்தம்பாக்கத்தில் இதையே சற்று மாற்றிக் கட்டினார்கள். ஐம்பது இரட்டை வீடுகள். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம், நடுவில் பொதுச் சுவர். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களும் உள்ளூர் ஆட்களின் உழைப்பும் இதில் சேர்ந்தன.

ஊரும் சேரியும் தள்ளித் தள்ளி இருந்தால்தான் தீண்டாமைக்கு வசதி. யார் தெருவில் யார் நடக்கலாம், எந்தக் குழாயில் யார் பிடிக்கலாம் என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. பொதுச் சுவர் அந்த இடைவெளியை எடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். குழம்பு கொதித்தால் வாசனை வரும். இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாடு காந்தியின் கிராம சுயராஜ்யத்தைப் பேசுகிறது. நாங்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. நூறு குடும்பத்துக்கு வீடு பகிரப்பட்டது, வயல் பகிரப்படவில்லை. சுவரைப் பகிர்ந்தவர்கள் சம்பந்தம் செய்துகொள்வார்களா என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916லேயே சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் நகரம் குத்தம்பாக்கத்தைத் தேடி வருகிறது. முதலில் குப்பை வந்தது. மேய்ச்சல் நிலத்தில் குப்பைக் கிடங்கு அமைக்கத் திட்டமிட்டபோது, செம்பரம்பாக்கத்தின் நீர் கெடும் என்று ஊரே எதிர்த்தது. பிறகு பேருந்து முனையம். நெடுஞ்சாலையோரம் மனை விலை ஏற ஏற, எந்த நிலம் யாருடையது என்ற 1891இன் கேள்வி மறுபடி எழுகிறது. மாணவத் தோழர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் எந்தப் புல எண்கள் ஆதிதிராவிடருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்டவை, இன்று அவற்றின் மேல் எந்த நகரின் பெயர்ப்பலகை நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து தொடங்கலாம்.