திறப்பு எங்கே இருக்கிறது?

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தோருடன் தீப்பற்றி எரிந்தது. அதனைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்கள் விரோதி, உறங்கும்போது அதனை அணைத்துவிடுங்கள் என எச்சரித்ததாக அபூமூஸா (ரழி) அறிவிக்கிறார்கள். அன்று எண்ணெய் விளக்கு. இன்று நுளம்புத்திரி, கேஸ் சிலிண்டர். இரவில் குசினியை விட்டு வரும்போது ரெகுலேட்டரை மூடினீர்களா?

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். தாச்சி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.

எனக்குப் பெருங்கவலை, கள்வருக்குப் பயந்து நாம் போடும் இரும்புக் கிறிலும் ஆமப்பூட்டும்தான். 2022இன் மின்வெட்டு இரவொன்றில் எங்கள் வீட்டுத் திறப்பைத் தேடித் தேடிக் களைத்தேன். (மௌலவி வீடுதான்!) கடைசியில் அது அழுக்குக் கூடையில், என் ஜுப்பாப் பையில் கிடந்தது. அது நெருப்பாக இருந்திருந்தால்? மறுநாளே கதவருகில், பிள்ளையின் கைக்கு எட்டும்படியும் வெளியிலிருந்து கள்வன் கைக்கு எட்டாதபடியும் ஓர் ஆணி அடித்தோம்.

புகைக்குக் கீழே தவழ்ந்து வந்து திறப்பை எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். உம்மும்மாவை யார் அழைத்து வருவது, வெளியே எங்கே கூடுவது என்பதை இன்றிரவே பேசிக்கொள்ளுங்கள். நகைப் பெட்டிக்காக மீண்டும் உள்ளே போகவேண்டாம். வெளியே வந்தபின் 110க்கு அழையுங்கள்.