கடைசி விருப்பம் மருத்துவர் கண்ணில் படுமா?

சொந்த வீட்டில், தெரிந்த முகங்களுக்கு நடுவே கண்மூட வேண்டும் என்பதுதான் பெரும்பாலோரின் ஆசை. லியன் அறநிறுவனம் 2014ல் சிங்கப்பூரில் நடத்திய ஆய்வில் நூற்றுக்கு 77 பேர் அப்படித்தான் கூறினர். ஆனால், 2022ல் நிகழ்ந்த மரணங்களில் 61 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை. இதை 2027க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு இலக்கு வகுத்தது. ஆசைக்கும் நடப்புக்கும் இடையே ஏன் இத்தனை தூரம்?

வலியைச் சமாளிக்க முடியாது என்ற அச்சம், பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலை எனக் காரணங்கள் பல உண்டு. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. நோயாளி சொன்ன சொல், தேவையான நேரத்தில் தேவையான ஆளிடம் போய்ச் சேர்வதில்லை.

தேக்கா சந்தைக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில், முற்றிய புற்றுநோயுடன் ஒரு முதியவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை, நீரிழிவுக்குப் பலதுறை மருந்தகம், இருமலுக்குச் சிராங்கூன் சாலையில் பழகிய குடும்ப மருத்துவர், வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புத் தாதி என நான்கு இடங்களில் அவரைப் பற்றிய குறிப்புகள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறுகிறது. பதறிய மகன் 995ஐ அழைக்கிறார். அவசர மருத்துவ வண்டியில் வருபவர்கள் உயிரைக் காக்கப் பயிற்சி பெற்றவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனையில் அவரைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கோ அவர் முற்றிலும் புதியவர். தொண்டைக்குள் குழாய் செலுத்தலாமா, வேண்டாமா? முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கும் கருவியாகத்தான் பொதுவான மின்னியல் பதிவு பயன்படுகிறது. ‘ஒரு நோயாளி, ஒரு சுகாதாரப் பதிவு’ என்ற நோக்குடன் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011ல் தொடங்கியது. அதே ஆண்டில் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடலை நாடளவில் அறிமுகப்படுத்தியது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியுடனும் குடும்பத்துடனும் உட்கார்ந்து பேசி, அந்த உரையாடலைப் பதிவு செய்கிறார். நோயாளி எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அங்குள்ள மருத்துவர் அதைப் பார்க்க வழியுண்டு.

பலர் இதை முன்கூட்டிய மருத்துவ உத்தரவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1996ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் வருவது. இறக்கும் தறுவாயில் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று இரு சாட்சிகள் முன் கையெழுத்திடும் ஆவணம் அது. சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு ரகசியமானது. ‘உத்தரவு எழுதியிருக்கிறீர்களா?’ என்று நோயாளியிடம் மருத்துவர் கேட்கவே கூடாது என்கிறது சட்டம். யாரும் வற்புறுத்தப்படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் போடப்பட்ட பூட்டு அது. ஆனால், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் விருப்பம் அன்றாடப் பராமரிப்புக்கு உதவாது. பராமரிப்புத் திட்டம் இதற்கு நேர்மாறானது. அதற்குச் சட்டத்தின் பிடி இல்லை. ஆனால், பலர் கண்ணில் படும்.

நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதுவும் சரியல்ல. மனத்திறன் சட்டத்தின்படி, உயிர்காக்கும் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் பத்திரத்தில் நியமிக்கப்பட்டவருக்குக் கிடையாது. நோயாளி பேச முடியாத நிலையில், அவருக்கு எது நன்மை என்பதை மருத்துவரே தீர்மானிக்கிறார். அப்படித் தீர்மானிக்கையில் நோயாளியின் முந்தைய விருப்பங்களை அவர் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த விருப்பத்துக்கு ஆதாரம் எங்கே என்று தேடும்போது கைகொடுப்பதுதான் பதிவு.

நம் குடும்பங்களில் சிக்கல் தொடங்குவது அதற்கும் முன்பே. மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம். “என்னைப் போட்டுச் சிரமப்படுத்தாதீங்க,” என்று பெரியவர் ஒருநாள் சொல்லியிருப்பார். அதற்கு என்ன பொருள்? செயற்கைச் சுவாசம் வேண்டாமா, மூக்குவழி உணவு வேண்டாமா, மருத்துவமனைக்கே போக வேண்டாமா? கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள் ஒன்றாகப் புரிந்துகொள்வார். சென்னையிலிருந்து விமானம் ஏறி வரும் அண்ணன் வேறொன்றாகப் புரிந்துகொள்வார். தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் பதிவாகும்போது மேலும் கொஞ்சம் தேய்ந்துபோகும். எனவே உரையாடல் தமிழில் நடப்பது நல்லது. சொந்தமாக உடல்நலப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவும் இத்திட்டத்தில் இடமுண்டு. அவர் தம் ஆசையைச் சொல்ல வருபவர் அல்லர், நோயாளியின் ஆசையை எடுத்துச் சொல்ல வருபவர். மூத்த மகன் என்பதால் மட்டும் அந்தப் பொறுப்பு ஒருவருக்கு வந்துவிட வேண்டியதில்லை.

லண்டனில் 2010ல் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் பொறுப்பில் இதேபோன்ற பதிவு தொடங்கியது. அங்கு அவசர மருத்துவ வண்டி ஊழியர்களும் இரவுநேர மருத்துவர்களும் பார்க்கும்படி அதை அமைத்தார்கள். 2022ல் புதிய ஏற்பாடு அதன் இடத்துக்கு வந்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018ல் அனுமதித்த முன்விருப்ப ஆவண நடைமுறையை 2023ல் எளிதாக்கியபோது, மின்னியல் சுகாதாரப் பதிவில் அதைச் சேர்க்கவும் வழிவிட்டது.

அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி நியாயமானதே. 2018ல் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களைத் திருடினார்கள். தேசியப் பதிவேடு அதில் பாதிக்கப்படவில்லை. என்றாலும், எல்லா மருந்தகங்களும் அதில் தகவல் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் திட்டம் அப்போது தள்ளிவைக்கப்பட்டது. பதிவேட்டைச் சிகிச்சைக்காக மட்டுமே பார்க்கலாம், வேலைக்கோ காப்புறுதிக்கோ பார்க்கக்கூடாது என்பது விதி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய பதிவு. நோய் கண்டறியப்பட்ட புதிதில் “எல்லா சிகிச்சையும் செய்யுங்கள்” என்றவர், ஈராண்டு கழித்து மனம் மாறியிருக்கலாம். மேசை இழுப்பறையில் ஒரு தாள், கணினியில் வேறொரு பதிப்பு என்றிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நோயின் நிலை மாறும்போதெல்லாம் பதிவையும் மாற்ற வேண்டும். உடல்நலமாக இருப்பவர்கள் ‘மை லெகசி’ இணையத்தளத்தில் தொடங்கலாம். நோயுற்றவர்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவருடன் பேசிச் செய்வதே நல்லது. நோயாளி சுயநினைவோடு பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை, கணினியில் எது இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் வாயால் சொல்வதே செல்லும்.