கோடை விடுமுறையில் சிறார்க்கேற்ற நூல்கள்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியுள்ள குழந்தைக்குக் கோடை விடுமுறை ஒரு நீண்ட இடைவெளி. கையில் நூல் இல்லையெனில் கற்றது நழுவிவிடும். விடுமுறை நூல் பாடநூலைவிடச் சற்று எளிதாகவே இருத்தல் வேண்டும். பக்கத்துக்கு நான்கைந்து சொற்கள் தடுக்கினால் அதனை ஒதுக்கிவிடலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2008இல் இந்தியில் வெளியிட்ட ‘பர்கா’ வரிசை இதற்குத் தக்க சான்று. இதிலுள்ள 40 சிறு கதை நூல்களும் நான்கு படிநிலைகளில் அமைந்தவை. குழந்தையின் அன்றாட அனுபவங்களே அவற்றின் கருப்பொருள். தேர்வைக் குழந்தையிடமே விடுவது நலம். ஒரே கதையைப் பத்து முறை படிப்பதும் வீண் அன்று.

எனினும், நூல் தொலைந்தால் ஈடுசெய்ய நேருமோ என்ற ஆசிரியர்களின் அச்சத்தால், சில பள்ளிகளில் நூல்கள் அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கின்றன. கிழிந்தவற்றையும் தொலைந்தவற்றையும் இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு வழங்கப்படுமாயின், இறுதி வேலை நாளன்றே அவற்றைக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்ப இயலும்.