காவல் நாய்களும் வேட்டை நாய்களும்: உடையவர் கடமை

இரவில் களத்துமேட்டையும் ஆட்டுக்கிடையையும் காப்பதில் நாய் செய்யும் உதவி விவசாயிகள் யாவரும் அறிந்ததே. சிப்பிப்பாறை, இராஜபாளையம், கோம்பை ஆகிய ஊர்ப் பெயர்களால் வழங்கும் நாயினங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் நெடுங்காலமாகப் பேர்பெற்றவை. ஆயினும், இத்தகைய நாய்களை முயலின்மீதும் காட்டுப்பன்றியின்மீதும் ஏவி வேடிக்கை பார்ப்பதும், மற்ற நாட்களில் குறுஞ்சங்கிலியில் கட்டிப்போடுவதும் சிலரிடம் வழக்கமாக உள்ளன. இதனால் விளையும் கேட்டை உடையவர் உணர்தல் அவசியம்.

வேட்டையால் வரும் நஷ்டம்

நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கை நீட்டி மூச்சிரைப்பதே அது உஷ்ணத்தைத் தணிக்கும் முக்கிய வழி. அதன் இயல்பான உடற்சூடு பாரன்ஹீட் 101 முதல் 102½ டிகிரி வரை. வெயிலில் நெடுந்தூரம் ஓடி அச்சூடு 106 டிகிரிக்கு மேற்பட்டால், மூளையும் சிறுநீரகமும் கெட்டு நாய் இறக்கக்கூடும். பன்றியின் பல்லால் வயிறு கிழிபட்ட நாய் பிழைப்பது அரிது. நரி முதலியவற்றின் கடியால் வெறிநோய் பற்றினாலோ, அது நாயோடு நில்லாது வீட்டாரையும் கறவை மாட்டையும் பீடிக்கும். குறி தோன்றியபின் அந்நோய்க்குத் தக்க சிகிச்சை இல்லை. துரத்தப்படும் பிராணி படும் வேதனையோ சொல்லாமலே விளங்கும்.

சட்டம் கூறுவது

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாயை ஏவித் துரத்துவதும் வேட்டையே. வேடிக்கைக்காகப் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நியாயமற்ற நேரம் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் கட்டுவதும், கட்டியே வளர்க்கும் நாயை உலவவிடாதிருப்பதும், போதிய உணவும் நீரும் நிழலும் அளியாதிருப்பதும் அச்சட்டத்தில் அடங்கும். பன்றியால் பயிர் சேதமானால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

செய்ய வேண்டியவை

1. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

2. கட்டும் இடத்தில் நிழலும் நல்ல நீரும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். காலை மாலை அவிழ்த்து உலவவிட வேண்டும்.

3. வெயிலில் மயங்கிய நாயை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

4. நாய் எவரையேனும் கடித்தால், காயத்தைச் சவுக்காரமிட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கிராம அதிகாரிகள் திருவிழாக் காலங்களில் வேட்டைக்கு ஆள் கூடுமுன்பே இவற்றை ஊராருக்கு எடுத்துரைப்பாராக. உண்ட சோற்றுக்கு உயிர்கொடுத்து உழைக்கும் பிராணியை வேடிக்கைக்குப் பலியிடுதல் நல்ல குடியானவனுக்கு அழகன்று.