போர்க்கால நாவலுக்குப் பஞ்சாங்கம் எதற்கு?

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு மேல், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்து வந்த நாட்களில் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்தை விட்டுக் கிளம்பினார்கள்.

வரலாற்றுப் பாடத்துக்கு இவ்வளவு போதும். அந்த இரவை நாவலில் ஓர் அத்தியாயமாக எழுத உட்காருபவருக்குப் போதாது. அன்று நிலா இருந்ததா? குண்டுச் சத்தம் கேட்டபோது வீடுகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? மறுநாள் செய்தி எப்படிப் பரவியது? இவற்றுக்கு ஆதாரத்தோடு விடை தேடுவதுதான் வரலாற்று நாவலாசிரியரின் ஆய்வு. அதற்கும் முறை உண்டு. பழகினால் யாருக்கும் கைவரும்.

வானத்திலிருந்து தொடங்கலாம்

1914 ஆகஸ்ட் 21-இல் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் வரும். ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். கூட்டிப் பார்த்தால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19, 20-ஐ ஒட்டி விழுகிறது. அப்படியானால் 22-ஆம் தேதி மூன்றாம் பிறை. அந்த மெல்லிய பிறை பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே மறைந்துவிடும். எம்டன் வந்தபோது கடலில் நிலவொளி இல்லை. கப்பல் தேடுவிளக்கைப் பாய்ச்சிக் குறி பார்த்ததன் காரணம் இதில் விளங்கிவிடுகிறது.

கணக்கு இன்னும் ஒன்றையும் சொல்கிறது. புரட்டாசியில் வரும் அமாவாசை மகாளய அமாவாசை. மறுநாள் நவராத்திரி தொடக்கம். ஆக, சென்னை குண்டடிபட்டது நவராத்திரியின் மூன்றாம் நாள். கொலு வைத்த வீடு, சுண்டல், தாம்பூலம் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்கள் என்று ஒரு தெருவையே எழுத்தாளர் துணிந்து எழுதலாம். எந்தப் போர் அறிக்கையிலும் இது கிடைக்காது.

இரு தரப்புச் சாட்சிகள்

போரைப் பற்றி எழுதும்போது சுட்டவர், சுடப்பட்டவர் இருவரையும் படிக்க வேண்டும். எம்டனின் துணைத் தலைவர் ஹெல்முத் ஃபான் மியூக்கே 1915-இலேயே தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். கப்பலில் பணியாற்றிய இளவரசர் ஃபிரான்ஸ் யோசப்பும் எழுதியிருக்கிறார். கரைப் பக்கத்துக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளும், இந்து, சுதேசமித்திரன், மெட்ராஸ் மெயில் நாளிதழ்களின் பழைய பிரதிகளும் உண்டு.

இரண்டையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. போர் நடக்கும்போதே தன் நாட்டவருக்காக எழுதப்பட்ட புத்தகத்தில் பெருமிதம் கலந்திருக்கும். பத்திரிகைச் செய்தியின் மேல் தணிக்கையின் நிழல் விழுந்திருக்கும். குண்டுகளின் எண்ணிக்கையே ஒரு நூலில் 125, இன்னொன்றில் 130. நேரமும் முன்பின்னாக வரும். கடலில் போகும் கப்பல் தன் கடிகாரத்தை இருக்கும் இடத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும், அது கரைக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒத்துச் சொல்வதை உறுதியாக எழுதலாம். முரண்படும் இடத்தில் பாத்திரம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் போதும். உயிர் பிழைக்க ஓடுபவர் குண்டுகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

கதையாகப் பரவியது

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக நம்பப்படும் செய்தி. தேதிகளை அடுக்கிப் பார்க்கலாம். எம்டன் சீனக் கடற்கரையின் சிங்தாவிலிருந்து 1914 ஜூலை 31-இல் புறப்பட்டது. அந்தக் காலத்தில் பிள்ளை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் சென்றார். அவர் கப்பலில் இருந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் அவர் வந்தார் என்று மக்கள் பேசிக்கொண்டதும் ஒரு வரலாறுதான். நாவலில் அதை ஒரு பாத்திரம் நம்பிப் பேசலாம். ஆசிரியர் உண்மையாக நிறுவக் கூடாது.

அன்று இருந்தது, இல்லாதது

1914-இல் வாழும் பாத்திரம் ‘முதல் உலகப் போர்’ என்று சொல்ல முடியாது. இரண்டாவது வரும் என்று அவருக்குத் தெரியாது. வானொலிச் செய்தியும் கேட்க முடியாது. ஆனால் டிராமில் போகலாம். சென்னையில் மின்சார டிராம் 1895-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கலங்கரை விளக்கத்தை மெரினாவில் தேடாமல், உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் அண்ணாந்து பார்ப்பார். 1894 முதல் 1977 வரை அது அங்கேதான் எரிந்தது.

இவ்வளவையும் உறுதி செய்துகொண்ட பிறகு மனிதர்களைக் கற்பனை செய்யும் முழு உரிமை எழுத்தாளருக்கு உண்டு. பெயர், காதல், பயம், துரோகம் எல்லாம் அவருடையவை. நிலவையும் தேதியையும் மாற்றும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அந்த இரவில் உண்மையாகவே உயிர் விட்டவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

போர் ஆவணங்கள் அதிகாரிகளின் குரலையே பெரும்பாலும் சேமிக்கின்றன. சாதாரணக் குடும்பங்களின் குரல் வீட்டுப் பரண்களில்தான் இருக்கிறது. தாத்தா எழுதிய கடிதம், வரவுசெலவு நோட்டு, ஓரத்தில் குறிப்பெழுதிய பழைய பஞ்சாங்கம் எதுவானாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். நாளை எழுதப்படும் ஒரு நல்ல நாவலுக்கு அதுவே ஆதாரமாகலாம்.